மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போகாதவர்

1. பேப்பர் போட்ட செய்தி

திங்கட்கிழமை காலையில் டைம் ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஞாயிற்றுக்கிழமை லீவைத் திங்கள் வரைக்கும் யார் இழுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கிற நாள் அது. ஏ ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே போனதும் பஞ்ச் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, வராதவர்களுக்கு வரிசையாகப் போன் போட வேண்டும். ஒரகடம் பக்கத்தில் வண்டி உதிரி பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நான் அந்த வேலையைத்தான் செய்கிறேன். அசிஸ்டென்டாகச் சேர்ந்து, இப்போது டைம் ஆபீஸுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். ரிட்டயர்மென்ட் அதிக தூரத்தில் இல்லை. புதிதாக எச்.ஆருக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "மேடம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். லீவ் ரூலும் ஓ.டி. கணக்கும் ஃபைலில் இருக்கின்றன, அதைப் படித்துக்கொள்ளலாம். ஃபைலில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

அப்படி ஒரு திங்கட்கிழமை, நான் போன் போட எடுக்கும்போதே எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் என் வீட்டுக்காரர் வேலை செய்த கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி. எங்களுக்குள் பழக்கம் உண்டு.

"கலா மேடம், ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. சேகர் சார் பேப்பர் போட்டுட்டாரே, உங்களுக்குத் தெரியும்தானே?"

எங்கள் வட்டாரத்தில் ராஜினாமா கொடுப்பதைப் பேப்பர் போடுவது என்பார்கள். எனக்குத் தெரியாது. "தெரியும் சார்" என்றேன். "நல்ல ஆளு மேடம். மெயின்டனன்ஸ்ல அவர விட்டா எங்களுக்கு யாரு? ஏதாவது பிரச்சனைன்னா சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம்" என்றார் அவர். நான் நன்றி சொல்லி வைத்துவிட்டு, லிஸ்டில் இருந்த முதல் ஆளுக்குப் போன் போட்டு, ஏன் வேலைக்கு வரவில்லை என்று கேட்டேன். அன்று முழுக்க அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நடந்தேன். அவர் எனக்கு முன்பே வந்து ரசம் வைத்திருந்தார். பெண் பவித்ரா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை.

"ஏங்க, ஆபீஸ்ல யாராவது ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்லியே."

"மேனேஜரோட சண்டையா?"

"அதெல்லாம் இல்ல."

"உடம்புக்கு ஏதாச்சும்?"

"நல்லாத்தான் இருக்குது."

"அப்பறம் எதுக்குப் பேப்பர் போட்டீங்க?"

அவர் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "போதும்னு தோணிச்சு கலா. நம்ம பக்கத்துல எல்லா வீட்லயும் ஜக்கார்டுக்கு மோட்டார் மாட்டிட்டாங்க. ரிப்பேர் பாக்க ஆள் இல்ல. காலைல போயி நாலு வீட்ல பாத்துட்டு, சாப்பாட்டுக்கு வந்துருவேன். அதுக்கு மேல வேலை வாணாம்."

அவர் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. பட்டுப் புடவையில் பூ விழுவதற்குத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியை முன்பெல்லாம் காலால் மிதித்துத்தான் தூக்குவார்கள். இப்போது அந்தச் சிரமத்துக்குச் சின்ன மோட்டார் வந்துவிட்டது. அது அடிக்கடி மக்கர் செய்யும். அதனால் அவருக்கு அந்த வேலை கிடைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வேறொன்று வந்தது.

"சாப்பாட்டுக்கு மேல என்ன பண்ணுவீங்க?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

2. எல்லாம் நார்மல்

வீட்டுக் கடன் முடிந்துவிட்டது, என் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அதனால் பணத்தை நினைத்து நான் பயப்படவில்லை. பணம்தான் பிரச்சனை என்றால் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்கு வந்திருப்போம். எனக்கு வந்த பயத்துக்குப் பேர் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு மல்லிகா தினமும் கேட்டாள். "அண்ணன் இன்னிக்கும் லீவாக்கா?" முதல் வாரம் ஆமாம் என்றேன். பிறகு வேலையை விட்டுவிட்டார் என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது. அடுத்த சில நாளில் தெருவில் கதை கிளம்பியது. ஸ்டோரில் ஏதோ காணாமல் போய், அவரைத் தூக்கிவிட்டார்களாம். கம்பெனி பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் அதைப் பேசிக்கொண்டு வந்து, நான் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்கள்.

அவர் சொன்னபடியே செய்தார். காலையில் டூல் பையை சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். மத்தியானம் வந்து சாப்பிடுவார். அதற்கு மேல் யார் கூப்பிட்டாலும், "நாளைக்குக் காலைல வர்றேன்பா" என்பார். தறி நிற்கிறது என்று கெஞ்சுகிறவர்களுக்குக்கூட, எதை எப்படிக் கழற்றி மாட்ட வேண்டும் என்று போனில் சொல்லுவாரே தவிர, போக மாட்டார். கொஞ்சம் தூங்குவார். பேப்பர் படிப்பார். வெயில் தாழ்ந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சர்வதீர்த்தக் குளத்துப் பக்கம் போவார்.

லஞ்ச் முடிந்ததும் அவருக்குப் போன் போடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

"என்ன பண்றீங்க?"

"உக்காந்துக்கினு இருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்கும் இல்லமா. சும்மாத்தான்."

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்கலாம், மாடியில் தோட்டம் போடலாம், ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்ல யோசனைதான்" என்பார். செய்ய மாட்டார். குடிக்கிற மனிதராக இருந்தால் திட்டலாம். சோம்பேறியாக இருந்தால் சண்டை போடலாம். வீட்டில் பாதி சமையல் அவருடையதுதான். காலையில் செய்கிற வேலையைச் சுத்தமாகச் செய்கிறார். எங்கே பிடித்து இழுப்பது என்றே எனக்குப் புரியவில்லை.

ஏதோ வியாதியை மறைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அவர் சட்டைப் பையில் மருந்துச் சீட்டு இருக்கிறதா என்று தேடினேன். ஒரு சனிக்கிழமை வற்புறுத்தி மாஸ்டர் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "எல்லாம் நார்மல்மா. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்காரு" என்றாள்.

"நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வந்தபோது ஏமாந்து போனதுபோல் இருந்தது. அவருக்கு ஏதாவது இருந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்திருக்கும். கட்டின புருஷனுக்கு வியாதி இல்லையே என்று வருத்தப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று அப்போது உறைத்தது.

என் கம்பெனியிலும் விஷயம் பரவியது. எச்.ஆர். மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் நாக்கு சும்மா இருக்காது. மீட்டிங்கில் அப்ஸ்காண்ட் கேஸ், அதாவது சொல்லாமல் நின்றுபோனவர்களின் கணக்கை நான் படிக்கும்போது, "வெளிய இருக்கிற அப்ஸ்காண்டை எல்லாம் புடிச்சிடறீங்க மேடம். வீட்ல இருக்கிறத விட்டுட்டீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்று மத்தியானம், மாசத்தில் பாதி நாள் வராத ஒரு பையனைக் கூப்பிட்டு அட்வைஸ் செய்ய வேண்டியிருந்தது. "நாலு பேரப் போல ஒழுங்கா வேலைக்கு வந்தாத்தானேப்பா மரியாதை" என்று ஆரம்பித்தேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டு, மெமோவை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

3. பெண் பார்க்க வந்தவர்கள்

பவித்ராவுக்கு வாலாஜாபாத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் சாஃப்ட்வேரில் இருந்தான். அப்பா ஜெயராமன், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஜாதகம் பொருந்தியது. போட்டோ பார்த்துப் பவிக்கும் பிடித்திருந்தது. இருவரும் போனில் பேசிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

அவர்கள் வருகிற அன்று முசரவாக்கத்திலிருந்து என் அண்ணன் ஏழுமலை வந்துவிட்டார். அவர் விவசாயத்தோடு கட்சி வேலையும் பார்ப்பவர். யாரிடம் எப்படிப் பேசுவது என்று தெரிந்தவர். உள்ளே வந்ததும் என் வீட்டுக்காரரைத் தனியாக அழைத்துப் போனார். எனக்குக் கேட்கும்படியாகத்தான் பேசினார்.

"மாப்ள, அவங்க கேட்டா இன்னா சொல்வீங்க?"

"இருக்கறத சொல்றேன் மச்சான்."

"இருக்கறதுன்னா? கன்சல்டன்ட்டுனு சொல்லுங்க. பொய் ஒண்ணும் இல்லியே, நாலு பேருக்கு யோசனை சொல்றீங்கல்ல? அதோட நிறுத்திக்குங்க. பொண்ணு விஷயம்."

நான் ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தேன். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தேன்.

வந்தார்கள். ஜெயராமன் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில், பாக்கெட்டில் பேனாவோடு இருந்தார். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆயிற்று. பையனின் அம்மா பவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தது. அப்போது ஜெயராமன் கேட்டார்.

"சார் இப்ப எங்க வேலை செய்றீங்க?"

அண்ணன் முந்திக்கொண்டார். "மாப்ள கன்சல்டன்ட்டுங்க. பெரிய கம்பெனில இருந்தவரு."

"ஓ. எந்த மாதிரி?"

என் வீட்டுக்காரர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்படிப் பெருசா ஒண்ணும் இல்லீங்க. காலைல தறி மோட்டார் ரிப்பேர் பாக்கறேன். மத்தியானத்தோட முடிச்சிக்குவேன்."

"மத்தியானத்துக்கு மேல?"

"சும்மா இருப்பேங்க."

"சும்மான்னா?"

"சும்மாதாங்க. வேலை பாக்கறது இல்ல."

சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுத் தறிச் சத்தம் மட்டும் கேட்டது. பையனின் அம்மா மெதுவாக, "உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்றார். "நல்லா இருக்குதுமா" என்றார் இவர். ஜெயராமன் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, பையனைப் பார்த்துவிட்டு, "உழைக்கிற வயசாச்சே சார்" என்று மட்டும் சொன்னார்.

போன் செய்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். அதன் பிறகு என் கையை விட்டுப் போன் இறங்கவில்லை. கேன்டீனில் தட்டுக்குப் பக்கத்தில் போன், பஸ்ஸில் மடியில் போன். ரிங் வந்தால் பாய்ந்து எடுப்பேன். வராவிட்டால் சிக்னல் இருக்கிறதா என்று பார்ப்பேன். கடைசியில் தரகர்தான் பேசினார். ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், தோது வரவில்லையாம்.

அண்ணன் போனிலேயே கத்தினார். பவி கத்தவில்லை. அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவர் சாப்பாடு போட்டால் சாப்பிடுவாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "ஒரு வார்த்தைமா. ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என்ன? அவருக்கு நான் முக்கியமா, அந்த மத்தியானம் முக்கியமா?"

அதை அவரிடம் கேட்டேன். "நான் வெக்கப்படணும்னு நீங்க எல்லாரும் எதிர்பாக்கறீங்க. எனக்கு வெக்கமா இல்ல கலா. அத எப்படி வரவழைக்கிறது?" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு முன்பு நான் அதைப் பார்த்ததில்லை.

4. அரை நாள் லீவ்

ஒரு காலையில் மல்லிகா கேட்டை மூடப் போன என்னை நிறுத்தினாள். "அக்கா, சொல்றனேன்னு நெனைக்காதீங்க. அண்ணன் தெனமும் குளத்தாண்ட யாரோ ஒரு பெரியவரோட உக்காந்துக்கினு இருக்காராம். எங்க வீட்டுக்காரரு பாத்தாரு. சீட்டுக்கீட்டு ஆடறாங்களோ என்னமோ."

அன்று எனக்கு வேலை ஓடவில்லை. மேனேஜரிடம் போய் அரை நாள் சி.எல். கேட்டேன். "கலா மேடமா லீவ் கேக்கறது? இன்னிக்கு மழைதான்" என்றார். நான் எத்தனை வருஷத்துக்குப் பிறகு மத்தியானத்தில் வெளியே வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. கம்பெனி பஸ் அந்த நேரத்தில் கிடையாது. ஷேர் ஆட்டோ பிடித்து, ரோட்டில் வந்த பஸ்ஸில் ஏறி, ஊருக்குள் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் சீட்டுக்கட்டும் போலீஸும் பவியின் முகமும் மாறி மாறி வந்தன.

குளத்துப் படிக்கட்டில் ஒரு சின்ன மண்டபத்து நிழலில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொருவர். நடுவில் சீட்டுக்கட்டு இல்லை. ஒரு தோள் பையும் டிபன் பாக்ஸும் இருந்தன. இருவரும் பேசிக்கொள்ளக்கூட இல்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கிட்டே போனதும் அந்தப் பெரியவர் திடுக்கிட்டு எழுந்தார். ஜெயராமன்.

அதே இஸ்திரிச் சட்டை, அதே பேனா. "அம்மா, தயவுசெஞ்சு எங்க வீட்ல சொல்லிடாதீங்க" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல்.

எனக்கு எதுவும் புரியவில்லை. என் வீட்டுக்காரர், "உக்காரு கலா" என்றார். உட்கார்ந்தேன். ஜெயராமன் நின்றுகொண்டே சொன்னார்.

"ரிட்டயர் ஆனதுலேந்து இப்படித்தாம்மா. காலைல காபி குடுக்கும்போதே, இன்னிக்கு என்ன வேலைன்னு வீட்ல கேப்பாங்க. கோவமா இல்ல, சாதாரணமாத்தான் கேப்பாங்க. எனக்குப் பதில் இருக்காது. அதான் காஞ்சிபுரத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கூடமாட இருக்கேன்னு சொல்லிட்டேன். காலைல சாப்பாடு கட்டிக்கினு பஸ் ஏறிடுவேன். சாயங்காலம் போயிடுவேன்."

"அதுவரைக்கும்?"

"கோயில் தொறந்திருக்கிற வரைக்கும் கோயில். அப்பறம் இங்க. மழைன்னா பஸ் ஸ்டாண்டு."

"வீட்ல யாருக்கும் தெரியாதா?"

"தெரியாதும்மா. பையன் என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்றான். ரிட்டயர் ஆயும் எங்கப்பா ஒரு நாள் வீட்ல உக்காந்தது இல்லன்னு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அப்படி இருந்துக்கினு எங்க வீட்ல வந்து ஏன் சார் அப்படிக் கேட்டீங்க? எம்பொண்ணு அவங்க அப்பாகிட்ட பேசறதே இல்ல, தெரியுமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பையன் பக்கத்துல உக்காந்திருந்தானே. வேற எப்படிம்மா கேப்பேன்? சார் 'சும்மா இருப்பேன்'னு சொன்னதும் என்னைத்தான் யாரோ காட்டிக் குடுத்துட்டாங்கன்னு தோணிச்சு. வேணாம்னு நான் சொல்லல. ஆனா வீட்ல வேணாம்னு சொன்னப்ப நான் வாயத் தொறக்கல."

வீட்டுக்கு நடந்து போகும்போது என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெண் பார்க்க வந்த பிறகு ஒரு நாள் ஜெயராமனை அந்தப் படிக்கட்டில் பார்த்தபோது, அவர் இவரைப் பார்த்துவிட்டு ஓடப் பார்த்தாராம். இவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாராம். ஒன்றும் கேட்கவில்லையாம். மறுநாளும் அதே இடத்தில் உட்கார்ந்தாராம்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாதீங்கன்னாரு. அதான்."

"உங்களுக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சு. டிபன் பாக்ஸத் தொறந்து, மிச்சம் இருந்த சாப்பாட்டுல பாதிய எனக்கு வச்சாரு. அப்பறம் எப்படிக் கோவப்படறது?"

அன்றிரவு பவியிடம் நடந்ததைச் சொல்லலாமா என்று தவித்தேன். அவர்தான் வேண்டாம் என்றார். அந்த மனிதரின் மானம் அது என்றார்.

5. கேட்டில் ஒருவர், லைனில் ஒருவர்

சில நாள் கழித்து ஜெயராமனே வீட்டுக்கு வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "உங்க கம்பெனில எனக்கு ஏதாவது வேலை இருக்குமாம்மா? என்ன வேலைன்னாலும் சரி" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இவருக்குப் பிடிக்காது, சும்மா இருக்கப் பழகுங்கள் என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், "வாங்கிக் குடு கலா" என்றார். "எனக்கு வாணாம்னா அவருக்கும் வாணாமா?"

மெட்டீரியல் கேட்டில் லாரிகளுக்குக் கேட் பாஸ் எழுத ஒரு ஆள் தேவைப்பட்டது. மேனேஜரிடம் சொன்னேன். "ரிட்டயர்டு ஆளா? தாராளமா போடுங்க. முழு நாள் வேணாம், அரை நாள் போதும். பெரியவரு பாவம்" என்று ஒரே நிமிஷத்தில் சம்மதித்தார். சேருவதற்கு முந்தின நாள் ஜெயராமன் வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டாராம். பொய்யோடு புது வேலைக்குப் போகப் பிடிக்கவில்லையாம். "என்ன சொன்னாங்க சார்?" என்று கேட்டேன். "பையன் ரெண்டு நாள் பேசல. வீட்டுக்காரி ஒண்ணும் சொல்லலம்மா. டிபன் பாக்ஸ மட்டும் சின்னதா மாத்திட்டா" என்றார்.

அதே மாதத்தில் நஸ்ரின் என்னிடம் வந்தாள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற பெண். பர்மனென்ட். டவுனிலிருந்து எங்கள் பஸ்ஸில்தான் வருவாள். அவள் பார்த்து அனுப்பிய பாகம் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்ததில்லை.

"மேடம், எனக்கு அரை நாள் டூட்டி குடுக்க முடியுமா? பாதி சம்பளம் போதும்."

வழக்கமான கேள்விகள் வாய்வரை வந்தன. கல்யாணமா, வீட்டில் யாருக்காவது முடியவில்லையா, வேறு கம்பெனியில் இன்டர்வியூவா. அவள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் லைன் லீடரிடம் பதில் சொல்லி ஓய்ந்துபோய்த்தான் என்னிடம் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. "எழுதிக் குடும்மா. கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.

மேனேஜர் அந்த லெட்டரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரீசன் என்ன?"

"கேக்கல சார்."

"கேக்காம எப்படி மேடம்? குழந்தையா, மாமியாரா, மேல்படிப்பா? ஒண்ணு இருந்தா மேல எழுதலாம்."

"ஒண்ணும் இருக்கிற மாதிரி தெரியல சார். அரை நாள் போதுமாம்."

"இன்னிக்கு ஒருத்தி போதும்னு சொல்வா. நாளைக்கு லைன் மொத்தமும் போதும்னு வந்து நிக்கும். அப்ப நீங்களும் நானும் எங்க போறது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. முகத்தில் நிஜமான பயம் இருந்தது. சமையல்கட்டில் என் வீட்டுக்காரர் எதிரில் நின்ற அன்று எனக்கு வந்த பயம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். எல்லோரும் ஓடுகிற இடத்தில் ஒருவர் நின்றுவிட்டால், ஓடுகிறவர்களுக்குக் கால் தடுமாறுகிறது.

"கேட்ல ஜெயராமன் சாருக்குக் குடுத்தோமே சார்" என்றேன்.

"அவரு உழைச்சு முடிச்சவரு."

"இவளும் படிப்பு முடிச்சதுலேந்து நம்மகிட்டதான் உழைக்கிறா. அவ வேலைல ஒரு கம்ப்ளைன்ட் காட்டுங்க, லெட்டரைக் கிழிச்சிடறேன்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "ட்ரையல்னு போடுங்க. அவுட்புட் கொறைஞ்சா உங்க பேர்லதான் வரும்" என்றார்.

அந்த மாதங்களில் நான் நிம்மதியாக இருந்தேன் என்று சொன்னால் பொய். தினமும் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைத்தான் முதலில் பார்ப்பேன். ரிஜெக்‌ஷன் ஒன்று கூடினாலும் திரும்ப எண்ணிப் பார்ப்பேன். ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில் இது எனக்குத் தேவையா என்று நினைத்துக்கொள்வேன். லைனில் நஸ்ரினுக்கு 'ஆஃப் டே' என்றே பேர் வைத்துவிட்டார்கள். புரமோஷன் லிஸ்டிலிருந்து அவள் பேரை எடுத்துவிட்டார்கள். நான் மேலே எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை. ஆனால் அவுட்புட் குறையவில்லை. அவளும் அரை நாளை விடவில்லை. வெளியே போன நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மேனேஜர் பயந்ததுபோல் லைன் மொத்தமும் வந்து நிற்கவில்லை. இரண்டு மூன்று பேர்தான் வந்து விசாரித்தார்கள். விசாரித்துவிட்டு, பாதிச் சம்பளம் கட்டுப்படி ஆகாது என்று திரும்பிப் போனார்கள். போதும் என்று சொல்வதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. என் வீட்டுக்காரரால் சொல்ல முடிந்ததற்கு என் முழுச் சம்பளமும் ஒரு காரணம். அதை அவரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "ஆமா. நீ போறதாலதான் நான் உக்கார முடியுது" என்று ஒத்துக்கொண்டார். "நீயும் எப்ப வேணும்னாலும் உக்காரலாம். நான் மத்தியானமும் போறேன்" என்றார். எனக்கு என் டைம் ஆபீஸ் சீட் பிடிக்கும், பஸ்ஸில் பேசிக்கொண்டு போவது பிடிக்கும். நான் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

6. பவி பேசியது

அடுத்து ஒரு வரன் திருத்தணி பக்கத்திலிருந்து வந்தது. பையனின் அம்மா போன் செய்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். பவி எடுத்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது அவள் பேசுவது காதில் விழுந்தது.

"இல்லீங்க ஆன்ட்டி, நீங்க வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். எங்கப்பா காலைல மட்டும்தான் வேலைக்குப் போவாரு. மத்தியானம் வீட்ல இருப்பாரு. உடம்பெல்லாம் நல்லா இருக்குது. அது உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னா இப்பவே சொல்லிடுங்க, பரவால்ல."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கூடத்தில் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். ஜெயராமன் தன் வீட்டில் உண்மையைச் சொன்ன பிறகு, குளத்தங்கரையில் நடந்ததைப் பவியிடம் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு, முந்தின வாரம்தான் அவள் அவரோடு ஒன்றிரண்டு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தாள். அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. பவி, "சரிங்க ஆன்ட்டி, சரிங்க" என்று வைத்துவிட்டு, அவரிடம் திரும்பி, "ஞாயித்துக்கெழமை வர்றாங்களாம்பா. மத்தியானம்தான் வருவாங்களாம். இருப்பீங்கதானே?" என்றாள்.

வந்தார்கள். முடிவு இன்னும் தெரியவில்லை. இதை எழுதும்போதும் போன் பக்கத்தில்தான் இருக்கிறது.

டைம் ஆபீஸுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். என்றைக்காவது ஒருவர் உங்கள் மேஜைக்கு எதிரில் வந்து நின்று, நேரத்தைக் குறைத்துக் கேட்பார். உங்களுக்கு உடனே ஒரு பயம் வரும். எனக்கு இன்றைக்கும் வருகிறது. வந்தால் வரட்டும். அதை அவர் தலையில் கட்டாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லுங்கள்.